முடக்கிய தளத்தைத் திறக்கும் உலாவிக் கருவிகள்: நம்புவதற்கு முன் சோதித்துப் பார்ப்பது எப்படி?

"அண்ணே, ஃப்ரீ விபிஎன் ஒண்ணு போட்டுக் குடுங்க." காட்பாடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் எனக்கு இந்த வேண்டுகோள் பழகிப்போனது. விபிஎன் என்றால், உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொருவரின் சேவையகம் வழியாகச் சுற்றி அனுப்பும் கருவி. கேட்பவர்கள்தான் வேறு வேறு. மருத்துவம் படிக்க சீனா போகும் பையன், சாம்பிள் ஷூவோடு குவாங்சோ கிளம்பும் ஆம்பூர்க்காரர், துபாயில் இருக்கும் மகனோடு வாட்ஸப்பில் பேச முடியாத மேல்விஷாரத்து அம்மா, நேற்று வரை திறந்த தளம் இன்று ஏன் திறக்கவில்லை என்று கேட்கும் கல்லூரி மாணவி. இவர்கள் எல்லோருக்கும் ஒரே ஆப்பைப் போட்டுக் கொடுத்தால் ஒருவருக்கு வேலை செய்யாது, இன்னொருவருக்கு அதுவே வம்பாக முடியும்.

இந்தக் கருவிகளைப் பற்றித் தமிழில் கிடைப்பது பெரும்பாலும் 'டாப் 10' பட்டியல்கள்தான். அவற்றில் பாதி கமிஷனுக்காக எழுதியவை. எதை எப்படிச் சோதிப்பது என்று யாரும் சொல்வதில்லை. அதைத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதால் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். எந்தக் கருவியும் உங்களைக் காற்றில் கரைத்துவிடாது. இதுவரை நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று உங்கள் இணைய நிறுவனம் பார்த்துக்கொண்டிருந்தது. கருவியைப் போட்டதும் அந்த இடத்தில் கருவிக்காரர் வந்து உட்கார்ந்துகொள்வார். அவர் யார் என்று பார்ப்பதுதான் இந்த வேலையில் முக்கால் பங்கு.

1. முடக்கமா, பழுதா என்று முதலில் பாருங்கள்

எங்கள் பக்கம் ராத்திரி எட்டு மணிக்கு மேல் கேபிள்காரர் கொடுக்கும் ஃபைபர் இணைப்பு தவழும். அப்போது திறக்காததெல்லாம் முடக்கப்பட்ட தளம் ஆகிவிடாது. போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். வேறு நிறுவனத்தின் சிம் வீட்டில் யாரிடமாவது இருந்தால் அதிலும் பாருங்கள். முடக்க உத்தரவு ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியில்தான் முடக்குகிறது. 2022இல் விஎல்சி பிளேயரைத் தரும் வீடியோலேன் தளம் இப்படித்தான் சிலருக்குத் திறந்து, சிலருக்குத் திறக்காமல் மாதக்கணக்கில் கிடந்தது.

அப்புறம் திரையில் என்ன வருகிறது என்று படியுங்கள்.

தொலைத்தொடர்புத் துறையின் உத்தரவுப்படி முடக்கப்பட்டது என்று ஆங்கில அறிவிப்பு வந்தால் சந்தேகமே இல்லை. ஆனால் இந்த அறிவிப்பு பெரும்பாலும் பூட்டுப் படம் இல்லாத பழைய எச்டிடிபி முகவரிகளில்தான் தெரியும். பூட்டுப் படம் உள்ள எச்டிடிபிஎஸ் தளமாக இருந்தால் 'கனெக்‌ஷன் ரீசெட்' என்று வரும், அல்லது சுற்றிக்கொண்டே நிற்கும், அல்லது சான்றிதழ் சரியில்லை என்ற எச்சரிக்கை வரும். அந்த எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போகும் பொத்தானை அழுத்தாதீர்கள். நீங்கள் போய்ச் சேரும் இடம் அந்தத் தளமாகவே இல்லாமல் இருக்கலாம்.

'உங்கள் நாட்டில் கிடைக்காது' என்றோ 403 என்ற பிழை எண்ணோ வந்தால், பெரும்பாலும் தளமே உங்களை விலக்குகிறது. அது உங்கள் இணைய நிறுவனத்தின் முடக்கம் இல்லை. கல்லூரி வைஃபையில் மட்டும் திறக்கவில்லை, வெளியே வந்தால் திறக்கிறது என்றால் அது கல்லூரியின் ஃபயர்வால். ஹாஸ்டல் விதியை மீறி மாட்டிக்கொண்டால் காப்பாற்ற எந்த மென்பொருளும் வராது. உங்கள் சொந்த மொபைல் டேட்டாவில் பார்த்துக்கொள்வதுதான் மலிவான வழி.

உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் ஊனி புரோப் என்ற இலவச ஆப் இருக்கிறது. பத்து நிமிஷ வேலை. தளத்தின் முகவரியைக் கொடுத்தால் எந்த விதத்தில் தடை என்று ஓரளவு சொல்லிவிடும். ஒரு எச்சரிக்கை: அதன் முடிவுகள் தேதி, இணைய நிறுவனத்தின் பெயரோடு பொதுவெளியில் பதிவாகும். அது வேண்டாம் என்றால் சோதனை தொடங்கும் முன்பே அமைப்புகளில் பதிவேற்றத்தை அணைத்துவிடுங்கள்.

இன்னொன்று. இணையமே அணைக்கப்பட்டால் எந்தக் கருவியும் உதவாது. 2024 ஜூலையில் வங்கதேசத்தில் இணையம் மொத்தமாகத் துண்டிக்கப்பட்டபோது, சிகிச்சைக்காக இங்கே தங்கியிருந்தவர்கள் என்ன விபிஎன் போட்டாலும் ஊரில் இருப்பவர்களை நெட்டில் பிடிக்க வழியில்லை. முடக்கத்துக்குத்தான் கருவி, துண்டிப்புக்கு இல்லை.

2. டிஎன்எஸ் மாற்றிப் பாருங்கள்: செலவு இல்லை, இரண்டு நிமிஷம்

முடக்குவதில் எளிய வழி, தளத்தின் பெயரைக் கேட்டால் தவறான எண் முகவரியைத் தருவது. தளப் பெயருக்கு எண் முகவரி சொல்லும் உங்கள் நிறுவனத்தின் டிஎன்எஸ் சேவையகம்தான் அதைச் செய்யும். எனவே அதைத் தாண்டி வேறு இடத்தில் கேட்டால் போதும்.

ஃபயர்ஃபாக்ஸில் அமைப்புகள், அதில் 'பிரைவசி அண்டு செக்யூரிட்டி', கீழே இறங்கினால் 'டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்'. அதில் 'மேக்ஸ்' பாதுகாப்பைத் தேர்ந்தெடுங்கள். ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்கு மேற்பட்ட போனில் நெட்வொர்க் அமைப்புக்குள் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்று இருக்கும். அதில் டிஎன்எஸ் புள்ளி கூகுள் என்று ஆங்கிலத்தில் அடித்துச் சேமித்தால் முடிந்தது.

தளம் திறந்துவிட்டதா? அப்படியானால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். விபிஎன் தேவையே இல்லை. இது உங்களை மறைக்காது, தளத்தைத் திறக்க மட்டும் செய்யும்.

திறக்கவில்லை என்றால் அடுத்த வகை முடக்கம். எச்டிடிபிஎஸ் இணைப்பில் உள்ளே இருப்பது ஒட்டிய கடிதம்போல யாருக்கும் தெரியாது. ஆனால் உறைமேல் எழுதிய பெயர் தெரியும். அதற்கு எஸ்என்ஐ என்று பெயர். அதைப் பார்த்தே இணைப்பை அறுப்பது இந்தியாவில் நடக்கிறது. ஜியோ இப்படிச் செய்வதை 2019இல் ஆய்வாளர்கள் சோதித்து வெளியிட்டார்கள். அந்த உறையையும் மறைக்கும் ஈசிஎச் என்ற ஏற்பாடு 2023 முதல் ஃபயர்ஃபாக்ஸில் உண்டு. ஆனால் எதிர்ப்பக்கத் தளமும் அதற்கு இடம் கொடுத்திருக்க வேண்டும் என்பதால் அதை நம்பி உட்கார முடியாது. இங்கேதான் உண்மையான கருவிகள் தேவைப்படுகின்றன.

3. யாரிடமிருந்து எதை மறைக்க வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு தாளில் ஒரே வரி போதும். 'முடக்கப்பட்ட செய்தித் தளத்தைப் படிக்க வேண்டும், நான் படித்தது தெரிந்தாலும் பரவாயில்லை' என்பது ஒரு தேவை. 'நான் படித்ததே யாருக்கும் தெரியக்கூடாது' என்பது வேறு தேவை. முதலாவதற்கு வேகமான, எளிய கருவி போதும். இரண்டாவதற்கு டோர் (அடையாளத்தை மறைக்கும் தனி உலாவி, 6ஆம் படியில் வருகிறது) தவிர வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். அதையும் கவனமாகப் பயன்படுத்தினால்தான் பலன்.

எதற்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். புதுப்படம் இறக்கவும் பந்தயத் தளம் திறக்கவும் கேட்டு வருபவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். பணம் வைத்து ஆடும் இணையச் சூதாட்டத்துக்குத் தமிழ்நாட்டின் 2022 சட்டத்தில் ஆடுபவருக்கே தண்டனை உண்டு. விபிஎன் போட்டு ஆடினாலும் பணம் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்துதானே போகிறது.

4. கருவியை நடத்துவது யார், அவர்களுக்குச் சோறு எங்கிருந்து வருகிறது?

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

ஆயிரக்கணக்கான பேருடைய இணையப் போக்குவரத்தைத் தாங்குவதற்குச் சேவையகம் வேண்டும். அதற்கு மாதாமாதம் பணம் வேண்டும். ஒரு விபிஎன் இலவசம், விளம்பரமும் இல்லை, கட்டணத் திட்டமும் இல்லை, நன்கொடை கேட்பதும் இல்லை என்றால், விற்கப்படுவது நீங்கள்தான். 2015இல் ஹோலா என்ற பிரபலமான இலவச எக்ஸ்டென்ஷன் (உலாவியில் சேர்க்கும் துணைக் கருவி) விஷயத்தில் இது அம்பலமானது. அதைப் போட்டவர்களின் இணைய இணைப்பையே இன்னொரு சேவை வழியாகக் காசுக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் வீட்டு ஐபி முகவரியிலிருந்து (இணையத்தில் உங்கள் இணைப்பைக் காட்டும் எண்) என்ன செய்தாலும், விசாரணை வந்து நிற்பது உங்கள் வீட்டு வாசலில்.

2016இல் 283 ஆண்ட்ராய்டு விபிஎன் ஆப்களை ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தார்கள். 38 சதவீத ஆப்களில் தீம்பொருளின் தடயம் இருந்தது. 18 சதவீத ஆப்கள் போக்குவரத்தைக் குறியாக்கமே செய்யவில்லை. 84 சதவீத ஆப்களில் ஐபிவி6 (புதுவகை ஐபி முகவரி) போக்குவரத்து வெளியே கசிந்தது. ஆய்வு பழையதுதான். ஆனால் ஆப் கடையில் இன்றைக்கும் அதே சாயலில் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. 2020 ஜூலையில் இன்னொரு கூத்து: 'எந்தப் பதிவும் வைப்பதில்லை' என்று விளம்பரம் செய்த ஹாங்காங் விபிஎன்கள் ஏழின் பயனர் பதிவுகள் பூட்டில்லாத சேவையகத்தில் கிடந்தன. வைப்பதே இல்லை என்று சொன்ன பதிவு எப்படி வெளியே கசியும்?

ஆகவே நான் பார்ப்பது இவற்றை:

நிறுவனத்தின் பெயரும் நாடும் அவர்களுடைய தளத்தில் தெளிவாக இருக்கிறதா. வெறும் ஜிமெயில் முகவரி மட்டும் தொடர்புக்குக் கொடுத்திருந்தால் அங்கேயே விட்டுவிடுவேன். மூல நிரல் யாரும் பார்க்கும்படி திறந்ததா. வெளி ஆட்களை வைத்துத் தணிக்கை செய்து, அந்த அறிக்கையை முழுதாக வெளியிட்டிருக்கிறார்களா. 'தணிக்கை செய்யப்பட்டது' என்ற முத்திரைப் படம் அறிக்கை ஆகாது. கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள். ஒரு வருஷமாகப் புதுப்பிக்காத உலாவிக் கருவி, கதவு திறந்து கிடக்கும் வீட்டுக்குச் சமம்.

எக்ஸ்டென்ஷன் என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு. நிறுவும்போது 'எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தகவலைப் படிக்கவும் மாற்றவும்' அனுமதி கேட்கும். கொடுத்தால் உங்கள் மின்னஞ்சலையும் படிக்க முடியும், வங்கிப் பக்கத்தையும் மாற்ற முடியும். எக்ஸ்டென்ஷன்கள் கைமாறுவதும் உண்டு. எழுதியவர் நல்லவராக இருந்து விற்றுவிட்டால், வாங்கியவர் அடுத்த அப்டேட்டில் என்ன வேண்டுமானாலும் சேர்க்கலாம். அதனால்தான் யார் என்றே தெரியாத எக்ஸ்டென்ஷனை நான் யாருக்கும் போட்டுக் கொடுப்பதில்லை.

ஆதார் நகல் கேட்கும் விபிஎன் எதுவாக இருந்தாலும் மூடிவிட்டு வெளியே வாருங்கள்.

5. எங்கிருந்து இறக்குகிறீர்கள்?

தயாரிப்பாளரின் சொந்தத் தளம், இல்லையென்றால் பிளே ஸ்டோர், ஆப் ஸ்டோர். மூன்றாவது இடம் கிடையாது. யூடியூப் வீடியோவின் கீழே உள்ள இணைப்பிலிருந்து இறக்கவே கூடாது. சீன மொழி யூடியூப் சேனல் ஒன்று இப்படிக் கொடுத்த டோர் உலாவியில் உளவு மென்பொருள் ஒட்டியிருந்ததை 2022இல் இணையப் பாதுகாப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கி கண்டுபிடித்தது.

விண்டோஸில் இறக்கிய கோப்பை வலது கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்', அதில் 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' பாருங்கள். டோர் உலாவி என்றால் 'தி டோர் புராஜெக்ட்' பெயர் இருக்க வேண்டும். அரை நிமிஷ வேலை.

தளமே திறக்கவில்லை என்றால் கெட்டோர் என்ற வழி இருக்கிறது. டோர் திட்டத்தின் கெட்டோர் முகவரிக்கு மின்னஞ்சல் அனுப்பினால் இறக்கும் இணைப்பு பதிலாக வரும். கோப்பு சுமார் 100 எம்பி. நாள் டேட்டா முடியும் நேரத்தில் தொடங்க வேண்டாம்.

தேவைப்படும் நாளுக்கு முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஜனவரி வாக்கில் அரசு உத்தரவால் கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 உட்படப் பல விபிஎன் ஆப்கள் இந்திய ஆப் கடைகளிலிருந்து காணாமல் போயின. ஏற்கெனவே போட்டு வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள்.

6. கருவிகளை ஒவ்வொன்றாக எடைபோடுவோம்

டோர் உலாவி. இலவசம், பதிவு வேண்டாம், லாப நோக்கற்ற அமைப்பு. போக்குவரத்து மூன்று இடங்கள் வழியாகச் சுற்றிப் போவதால், நீங்கள் யார், எங்கே போகிறீர்கள் என்ற இரண்டும் ஒரே ஆளுக்குத் தெரியாது. அதற்கு விலை வேகம். வீடியோ பார்க்க இது ஆகாது. பல தளங்கள் 'நீ மனிதனா' என்று படப்புதிர் போட்டு உயிரை வாங்கும்.

இந்தியாவில் பெரும்பாலும் நேரடியாகவே இணைந்துவிடும். இணையவில்லை என்றால் 'கனெக்‌ஷன்' அமைப்பில் பிரிட்ஜ் என்று இருக்கிறது. டோருக்குள் நுழைய மாற்று வழி அது. ஓபிஎஃப்எஸ்4, ஸ்னோஃபிளேக், வெப்டனல் என்ற பெயர்கள் தெரியும். முதலில் ஸ்னோஃபிளேக். அது தன்னார்வலர்களின் உலாவிகள் வழியாகப் போவதால் வீடியோ அழைப்புபோலத் தோற்றம் தரும். மெதுவாக இருந்தால் மற்ற இரண்டையும் மாற்றிப் பாருங்கள்.

பொறிகள்: டோருக்குள் எக்ஸ்டென்ஷன் எதையும் சேர்க்காதீர்கள், அப்படிச் சேர்த்தால் கூட்டத்தில் நீங்கள் மட்டும் தனியாகத் தெரிவீர்கள். உங்கள் சொந்த முகநூல் கணக்கில் நுழைந்தால் அந்தத் தளத்துக்கு நீங்கள் யாரென்று தெரிந்துவிடும். டோரன்ட் ஓட்டக் கூடாது. 'சேஃபஸ்ட்' பாதுகாப்பு நிலையில், பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நின்றுவிடுவதால் தமிழ்ச் செய்தித் தளங்கள் பல அரைகுறையாகத் தெரியும். படிக்க மட்டும் என்றால் 'சேஃபர்' போதும்.

கல்லூரி வைஃபையில் டோர் ஓட்டுபவர்களுக்குத் தனியாக ஒன்று. நீங்கள் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது தெரியாவிட்டாலும், டோர் ஓட்டினீர்கள் என்பது நெட்வொர்க் நிர்வாகிக்குத் தெரியும். 2013இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் பொய் வெடிகுண்டு மிரட்டல் அனுப்பிய மாணவர் அப்படித்தான் பிடிபட்டார். அந்த நேரத்தில் வளாக வைஃபையில் டோர் பயன்படுத்தியவர்கள் யார் என்று தேடினார்கள், அவ்வளவுதான்.

சைஃபன். டொரன்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் என்ற ஆய்வகத்தில் பிறந்தது. முடக்கத்தை உடைப்பதில் கெட்டிக்காரக் கருவி. ஒரு வழி அடைபட்டால் தானே அடுத்த வழி தேடும். இலவசம், ஆனால் வேகத்துக்கு உச்சவரம்பும் விளம்பரமும் உண்டு. அடையாளத்தை மறைக்கும் கருவி இது இல்லை. அதை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள் என்பதாலேயே எனக்கு அவர்கள்மேல் மரியாதை. விண்டோஸில் இது கணினியின் ப்ராக்ஸி அமைப்பை, அதாவது போக்குவரத்து எந்த இடைச் சேவையகம் வழியாகப் போக வேண்டும் என்பதை, மாற்றும். அதை மதிக்காத மென்பொருட்கள் பழைய பாதையிலேயே போகும். ஓடும்போது கரண்ட் போய்விட்டால் அந்த ப்ராக்ஸி அமைப்பு அப்படியே நின்று, மறுபடி கணினியைப் போட்டதும் நெட் வராமல் போகலாம். பயப்பட வேண்டாம். சைஃபனை மறுபடி திறந்து முறையாக மூடுங்கள், அல்லது ப்ராக்ஸி அமைப்பில் போய் அணையுங்கள்.

செனோ உலாவி. கனடாவின் ஈக்வாலிட்டி தயாரிப்பு, ஆண்ட்ராய்டுக்கானது. ஒருவர் திறந்த பக்கத்தை மற்ற பயனர்களின் போனிலிருந்தே எடுத்துத் தரும். முடக்கம் கடுமையாக இருக்கும் நாடுகளில் செய்தி படிக்க நன்றாக உதவும். பொதுத் தாவலில் நீங்கள் திறப்பது மற்றவர்களோடு பகிரப்படும். எனவே கடவுச்சொல் போடும் எதையும் தனிப்பட்ட தாவலில் மட்டும் திறங்கள். இந்த வித்தியாசம் புரியாதவர்களுக்கு இதைப் போட்டுக் கொடுக்க எனக்குத் தயக்கம்தான்.

விபிஎன் எக்ஸ்டென்ஷன்களும் உலாவிக்குள் வரும் 'விபிஎன்'களும். ஓப்பராவில் இருப்பது போன்றவை உலாவியின் போக்குவரத்தை மட்டும்தான் மாற்றும். போனில் மற்ற ஆப்கள் பழையபடியே போகும். இது தெரிந்தே பயன்படுத்தினால் குறையில்லை. இலவசத்தில் நான் சொல்வது ஸ்விட்சர்லாந்தின் புரோட்டான் விபிஎன். டேட்டா வரம்பு இல்லை, கட்டணம் செலுத்துபவர்களின் பணத்தில் இலவசம் ஓடுகிறது என்பது வெளிப்படை. ஒரு நேரத்தில் ஒரு போனிலோ ஒரு கணினியிலோ மட்டும்தான் ஓடும். வேகம் மாலையில் தளரும்.

இணையதள ப்ராக்ஸிகள். முகவரியைப் போட்டால் திறந்து காட்டும் தளங்கள். கடவுச்சொல் எதையும் அதில் அடிக்காதீர்கள். மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை.

7. சோதனை: ஒரு மாலை ஒதுக்குங்கள்

முதலில் கருவி இல்லாமல் உங்கள் ஐபி முகவரியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிரவுசர்லீக்ஸ் என்ற தளம் ஐபி, ஐபிவி6, டிஎன்எஸ், வெப்ஆர்டிசி எல்லாவற்றையும் காட்டும். இப்போது கருவியைப் போட்டுவிட்டு அதே பக்கங்களை மறுபடி திறங்கள். உங்கள் பழைய எண்ணோ உங்கள் இணைய நிறுவனத்தின் பெயரோ எங்காவது ஓரிடத்தில் தெரிந்தாலும் கருவி கசிகிறது.

வீட்டு வைஃபையில் மட்டும் சோதித்து நிறுத்திவிடாதீர்கள். ஜியோ மொபைல் இணைப்பு பெரும்பாலும் ஐபிவி6இல் ஓடுவது. வைஃபையில் தேர்வான விபிஎன் அங்கே தோற்பதைப் பார்க்கலாம். வெப்ஆர்டிசி என்பது உலாவி வழி வீடியோ அழைப்புக்கான வசதி. எக்ஸ்டென்ஷன் வகைக் கருவிகள் கோட்டைவிடும் இடம் அதுதான்.

அடுத்து, பக்கம் திறந்திருக்கும்போதே வைஃபையை அணைத்து மறுபடி போடுங்கள். கருவி மறுபடி இணைவதற்குள் பக்கங்கள் சத்தமில்லாமல் பழைய பாதையில் திறக்கின்றனவா? திறந்தால், கருவி அறுந்ததும் நெட்டையே நிறுத்தும் 'கில் ஸ்விட்ச்' வசதி இல்லை அல்லது அணைந்திருக்கிறது. லாட்ஜ் வைஃபை, ரயில் பயணம் என்று இணைப்பு அறுந்து அறுந்து வரும் இடங்களில் இது முக்கியம்.

வேகத்தை நெரிசல் நேரத்தில் பாருங்கள். காலையில் எல்லாம் பறக்கும். டோர் என்றால் டோர் திட்டத்தின் சோதனைப் பக்கத்தைத் திறந்து, டோர் வழியாகத்தான் வருகிறீர்கள் என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

சோதனை முடிந்ததும் கருவியை அணைத்துவிட்டு வங்கி ஆப்பைத் திறங்கள். விபிஎன் ஓடும்போது திறந்தால் பல வங்கி ஆப்கள் மறுக்கும், கணக்கைத் தற்காலிகமாகப் பூட்டவும் செய்யலாம். இந்திய அரசுத் தளங்கள் பல வெளிநாட்டு ஐபியிலிருந்து திறக்காது. விண்ணப்பத்தின் கடைசி நாளில் இது தெரியாமல் அல்லாடுபவர்களைக் கடையில் பார்க்கிறேன்.

8. பணமும் அட்டையும்

மேலே சொன்ன இலவசக் கருவிகளே பெரும்பாலோருக்குப் போதும். கட்டண விபிஎன் வாங்கியே ஆக வேண்டும் என்றால் முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்குங்கள். இரண்டு வருஷத் திட்டத்துக்குப் பெரிய தள்ளுபடி காட்டுவார்கள். புதுப்பிக்கும்போது விலை ஏறியிருக்கும், சிறிய எழுத்தில் சொல்லியிருப்பார்கள். முல்வாட் என்ற விபிஎன் மாதம் 5 யூரோ என்ற ஒரே விலையை வைத்திருக்கிறது, மின்னஞ்சல்கூடக் கேட்பதில்லை.

ஏடிஎம் அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். வங்கி ஆப்பில் அதைத் திறந்து, சிறிய வரம்பு வைத்து, பணம் கட்டியதும் மூடிவிடுங்கள். ரூபே அட்டை பல இடங்களில் செல்லாது. அந்நியச் செலாவணிக் கட்டணம், அதன்மேல் ஜிஎஸ்டி என்று அறிவித்த விலைக்கு மேல் கொஞ்சம் போகும். தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டை வாங்கிய அன்றே ரத்து செய்யுங்கள்.

இந்தியச் சேவையகம் தருகிறோம் என்று சொல்லும் விபிஎன்களைப் பற்றி: 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவின்படி விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அதனால் எக்ஸ்பிரஸ், சர்ஃப்ஷார்க், நார்டு, புரோட்டான் போன்றவை இங்கிருந்த சேவையகங்களை எடுத்துவிட்டன. இப்போது அவர்கள் தரும் இந்திய முகவரி, வேறு நாட்டில் இருக்கும் சேவையகத்திலிருந்து வருவது.

9. வெளிநாடு கிளம்புகிறவர்களுக்கு

சீனா: கூகுள், வாட்ஸப் எதுவும் சாதாரணமாகத் திறக்காது. பிளே ஸ்டோரும் கிடையாது. ஆகவே எல்லாவற்றையும் வேலூரிலேயே இறக்கி, கணக்குத் திறந்து, ஒருமுறை இணைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஒரே கருவியை நம்பாமல் இரண்டு மூன்று வைத்துக்கொள்ளுங்கள். டோர் அங்கே பிரிட்ஜ் இல்லாமல் இணையாது, பிரிட்ஜோடும் சில நாள் இணையாது. அனுமதியில்லாத விபிஎன் அங்கே சட்டப்படி குற்றம், அபராதம் உண்டு.

கண்காட்சிக்கு நான்கு நாள் போகும் வியாபாரிகளுக்கு இதைவிட எளிய வழி, நம்ம ஊர் சிம்மில் இன்டர்நேஷனல் ரோமிங் போட்டுக்கொள்வது. ரோமிங் டேட்டா வழக்கமாக நம் நிறுவனத்தின் வழியாகவே சுற்றி வருவதால் அங்கத்தி முடக்கம் பெரும்பாலும் பாதிக்காது. செலவு அதிகம்தான், ஆனால் மென்பொருள் தலைவலி இல்லை. படிக்கப் போகும் மாணவர்களுக்கு இது கட்டுப்படியாகாது.

துபாய், அபுதாபி: அங்கே வாட்ஸப் செய்தி போகும், குரல் அழைப்பு போகாது. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021 சட்டத்தில், குற்றம் செய்யவோ மறைக்கவோ ஐபியை மறைத்தால் அபராதம் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை. சாதாரணத் தொழிலாளி அந்தச் சட்டத்தின் வரம்பைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். அனுமதி பெற்ற அழைப்பு ஆப்களை இரண்டு பக்கமும் போட்டுக்கொள்வதே நல்லது. மேல்விஷாரத்து அம்மாவுக்கும் அதைத்தான் போட்டுக் கொடுத்தேன்.

10. சட்டமும் சேர்த்து வைக்க வேண்டிய ஆவணங்களும்

இந்தியா முழுமைக்கும் விபிஎன், டோர் பயன்படுத்தத் தடை எதுவும் இல்லை. ஜம்மு காஷ்மீரின் சில மாவட்டங்களில் மாவட்ட நிர்வாகம் தற்காலிகத் தடை போட்டதுண்டு. அங்கே போகும்போது விசாரித்துக்கொள்ளுங்கள். கருவி சட்டபூர்வமானது என்பதால் அதை வைத்துச் செய்வதெல்லாம் சட்டபூர்வம் ஆகிவிடாது.

தளங்கள் முடங்குவது இரண்டு வழியில். ஒன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் மத்திய அரசு உத்தரவு. இது ரகசியமாக வைக்கப்படும். மற்றது நீதிமன்ற உத்தரவு. 2017இல் இரண்டு இந்திப் படங்களின் திருட்டுப் பிரதியைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய உத்தரவில், பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவும் சேர்ந்து முடங்கியது. 2025 பிப்ரவரியில் விகடன் தளம் ஒரு கேலிச்சித்திரத்துக்காக முடங்கியதும், மார்ச் 6 அன்று அந்தப் பக்கத்தை நீக்கும் நிபந்தனையோடு சென்னை உயர் நீதிமன்றம் முடக்கத்தை நீக்கச் சொன்னதும் நினைவிருக்கும்.

உங்களுக்குத் தேவையான தளம் முடங்கியிருந்தால் இவற்றைச் சேர்த்து வையுங்கள்: முழு முகவரியும் தேதியும் தெரியும் ஸ்கிரீன்ஷாட், இணைய நிறுவனத்தின் பெயரும் உங்கள் வாடிக்கையாளர் எண்ணும், வேறு இணைப்பில் திறந்ததற்கான ஸ்கிரீன்ஷாட், ஊனி சோதனையின் இணைப்பு. முதலில் நிறுவனத்தின் புகார் பிரிவுக்கு எழுத்தில் அனுப்புங்கள். போனில் சொல்வது பதிவாகாது. புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு. மத்திய அரசின் ஆர்டிஐ ஆன்லைன் தளத்தில் தொலைத்தொடர்புத் துறைக்கு ஒன்று, மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு ஒன்று. கட்டணம் தலா 10 ரூபாய், யுபிஐயில் கட்டலாம். 'இந்தத் தளத்தை முடக்க உத்தரவு போடப்பட்டதா, தேதி என்ன, நீதிமன்ற உத்தரவா 69ஏ உத்தரவா' என்று தனித்தனிக் கேள்வியாகக் கேளுங்கள். 'ஏன் முடக்கினீர்கள்' என்று கேட்டால் பதில் வராது. பதிலுக்குக் கெடு 30 நாள். பெரும்பாலும் 69ஏ பிரிவுக்கான 2009 விதிகளின் 16ஆம் விதியைக் காட்டி ரகசியம் என்பார்கள். அதையும் பத்திரப்படுத்துங்கள். பதில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அதே தளத்தில் முதல் மேல்முறையீடு செய்யலாம், அதற்குக் கட்டணம் இல்லை. வீடியோலேன் விஷயத்தில் 2022 அக்டோபரில் வக்கீல் நோட்டீஸ் போன பிறகு நவம்பரில் முடக்கம் நீங்கியது. அவர்கள் கையில் ஆவணங்கள் வரிசையாக இருந்தன.